ஒரே பாட்டை ரிப்பீட்டில் கேட்பவர்களுக்கு: இணைப்பில் இடறல், ஆப் நின்றுபோவது, டேட்டா, சலிப்பு

கெடிலக்கரை:

வணக்கம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் வேறு எதையும் கலக்காமல் அதையே ஓடவிட்டுக் கேட்கிற பழக்கம். கடலூர் - பாண்டி பஸ்ஸில் காலையும் மாலையும், அலுவலகத்தில் இரண்டு மணி நேரம். ஆண்ட்ராய்டு போன், புளூடூத் இயர்பட்ஸ், அலுவலகத்தில் விண்டோஸ் கணினி. நான்கு சந்தேகங்கள்.

முழுப் பாட்டும் வேண்டாம், இரண்டாவது இடையிசையும் அதை ஒட்டி வரும் சரணமும் மட்டும் சுற்றினால் போதும் என்று வெட்டி எம்பி3 ஆகச் சேமித்தால், முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் சின்ன இடறல் வருகிறது. சில துண்டுகளில் 'டக்' என்று ஒரு சத்தமும். தாளம் அங்கே நொண்டுவதால், பாட்டை விட்டுவிட்டு அந்த இடத்துக்கே காது காத்துக் கிடக்கிறது. இதைச் சுத்தமாக எடுக்க முடியுமா?

போன் திரையை அணைத்துப் பையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாட்டு தானாக நின்றுவிடுகிறது.

யூடியூபில் ஓடவிட்டால் அன்றைய டேட்டா மதியத்துக்குள் காலி.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு வாரத்தில் பாட்டு வெளுத்துவிடுகிறது. பிடித்த பாட்டை இப்படித் தேய்த்துத் தீர்க்காமல் நீண்ட நாள் கேட்க வழி உண்டா?

முத்தியால்பேட்டை:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இடறல் வேறு கோளாறு, 'டக்' வேறு கோளாறு. இரண்டையும் ஒரே மருந்தால் சரிசெய்யப் பார்ப்பதால்தான் பலருக்கும் போகாமல் நிற்கிறது.

இடறல் எம்பி3 உடன் பிறந்தது. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியலையின் ஒரு கண அளவீடு) கொண்ட கட்டங்களாகத்தான் எழுதும். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், ஒரு கட்டம் ஏறக்குறைய 26 மில்லிசெகண்ட். நீங்கள் வெட்டிய துண்டு கட்டக் கணக்கில் சரியாக முடியாது என்பதால், கடைசிக் கட்டத்தின் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். முன்பக்கமும் சும்மா இல்லை. எம்பி3 எழுதும் மென்பொருளான லேம் என்கோடர் தொடக்கத்தில் 576 சாம்பிள் சேர்க்கிறது, அதைத் திரும்ப ஒலியாக்கும் டிகோடர் 529 சேர்க்கிறது. மொத்தம் 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிசெகண்ட். முன்னும் பின்னும் கூட்டினால் தாளத்தைக் காலால் போட்டுக்கொண்டிருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

லேம் இந்தக் கணக்கைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர், உதாரணமாக கணினியில் ஃபூபார்2000, அந்த மௌனத்தைக் கழித்துவிட்டு ஓட்டும். படிக்காத பிளேயர் அப்படியே ஓட்டும். ஒரே கோப்பு கணினியில் ஒழுங்காகவும் போனில் நொண்டியும் கேட்பது இதனால்தான். எம்பி3 போன்ற இன்னொரு வகையான ஏஏசி கோப்பிலும் இதே கதை, அங்கே கட்டம் 1024 சாம்பிள். ஆகவே சுற்றவிடப் போகும் துண்டை எம்பி3 ஆகச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். ஒலியில் எதையும் இழக்காமல், மௌனமும் சேர்க்காமல் சுருக்கும் ஃபிளாக் ஆகச் சேமியுங்கள். ஒரு நிமிடத் துண்டு 5 முதல் 7 எம்பி வரும், அவ்வளவுதான். மூலமே எம்பி3 என்றாலும் பரவாயில்லை. ஒலித்தரம் கூடாது, ஆனால் இணைப்பு சுத்தமாகும்.

'டக்' வருவது வெட்டிய இடத்தால். துண்டு முடியும்போது அலை மேலே நிற்கிறது, தொடங்கும்போது கீழே இருக்கிறது என்றால் ஸ்பீக்கர் ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல்தான் சத்தம்.

கணினியில் ஆடாசிட்டி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். பாட்டைத் திறந்து வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து 'இசட்' விசையை ஒருமுறை அழுத்தினால், தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்யக்கோட்டைத் தொடும் பக்கத்து இடத்துக்கு நகரும். ஸ்டீரியோ பதிவில் இடம் வலம் இரண்டும் ஒரே புள்ளியில் பூஜ்யத்துக்கு வராது. அதனால் முதல் 5 மில்லிசெகண்டுக்கு ஃபேட் இன் (ஒலி மெல்ல எழுவது), கடைசி 5 மில்லிசெகண்டுக்கு ஃபேட் அவுட் (மெல்ல அடங்குவது) கொடுத்துவிடுங்கள். காதுக்குத் தெரியாது, 'டக்' போய்விடும். அதற்கு மேல் நீட்டினால் முதல் தட்டின் கூர்மை மழுங்கும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் கைவேலை. சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், தொடங்கி இன்னொரு சமத்தில் முடியவேண்டும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் ஒரு தட்டு 60 வகுத்தல் 96, அதாவது 0.625 செகண்ட். எட்டுத் தட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) 5 செகண்ட், நான்கு ஆவர்த்தனம் 20 செகண்ட். துண்டின் நீளம் இந்தக் கணக்கோடு பொருந்தவேண்டும். தபேலாவும் டிரம்ஸும் ஆள் உட்கார்ந்து வாசித்த பழைய பதிவுகளில் வேகம் லேசாக ஏறி இறங்கும், அங்கே கணக்கை நம்பாமல் காதால் சரிபாருங்கள். தேர்ந்த பகுதியை லூப்பில் ஓடவிட்டு, இணைப்பு வரும்போது விரலால் தாளம் போட்டுப் பார்த்தால் பிசகு உடனே பிடிபடும்.

இன்னொரு நுணுக்கம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. வயலின் வரிசை முடிந்த பிறகும் அதன் எதிரொலி ஒரு செகண்டாவது தொங்கும். நீங்கள் வெட்டும்போது அந்த வால் அறுந்துவிடும். சுற்றித் தொடங்கும் இடம் திடீரென்று வறட்சியாகக் கேட்கும். அந்த இசைத்தொடர் பாட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது என்றால் இரண்டாவது முறை வருவதை வெட்டுங்கள். முதல் முறையின் எதிரொலி அதன் தலையில் ஏற்கெனவே கலந்திருக்கும், இணைப்பு தானாகக் கூடிவரும்.

வெட்டும் முன் சோதிக்க விஎல்சி பிளேயர் போதும். கணினியில் 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' போட்டால் ஏ-பி பொத்தான் வரும். தொடக்கத்தில் ஒரு அழுத்து, முடிவில் ஒரு அழுத்து. துல்லியம் குறைவு, ஆனால் எந்தப் பகுதி சுற்றினால் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்ய உதவும்.

முதுநகர்காரன்:

ஆப் நிற்பது பேட்டரி சிக்கனத்தால்ங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்க பிளேயர், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' வையுங்க. ஷாவ்மி, விவோ, ஓப்போ மாதிரி போன்ல 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியா ஒன்று இருக்கும், அதையும் போடணும். போன் அப்டேட் ஆன பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்க, சில போன்ல பழையபடி மாறிடும். யூடியூப் ஆப் மட்டும் வேற விஷயம். திரையை அணைச்சா கட்டணச் சந்தா இல்லாம ஓடாது, அதுக்கு எந்த செட்டிங்கும் உதவாது.

டேட்டா கணக்கு இதுதான். ஒலி மட்டும் 128 கேபிபிஎஸ்ல (செகண்டுக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) ஓடினா மணிக்கு 58 எம்பி. 320ல ஓடினா 144 எம்பி. யூடியூப்ல நீங்க பார்க்காத படமும் சேர்ந்து இறங்குது, அதுதான் டேட்டாவைத் தின்னுது. அதே பாட்டு 4 நிமிஷம் 40 செகண்ட் என்றால் 320 கேபிபிஎஸ்ல மொத்தமே 11 எம்பி. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கியோ, சந்தா ஆப்ல டவுன்லோட் பண்ணியோ வச்சுக்கிட்டா அப்புறம் நூறு தடவை கேட்டாலும் டேட்டா பூஜ்யம். ஒரே பாட்டு கேட்கிறவங்களுக்கு ஸ்ட்ரீமிங் தேவையே இல்லைங்க. கையில் கோப்பா இருந்தா மியூசிக்கோலெட் நல்ல பிளேயர், விளம்பரம் கிடையாது, இணைய அனுமதியே கேட்காது.

ஸ்பாட்டிஃபைல கேட்டீங்கன்னா ரிப்பீட் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்க, சின்னதா '1' வந்தால்தான் ஒரே பாட்டு சுற்றும். நாள் பூரா ஒரே பாட்டு ஓடினா அது பரிந்துரைக்கிற பட்டியல் முழுக்க அந்தப் பாட்டு மாதிரியே வர ஆரம்பிக்கும். பிடிக்கலைன்னா அந்த நேரத்துக்கு 'பிரைவேட் செஷன்' போட்டுக்குங்க. யூடியூப்ல 'வாட்ச் ஹிஸ்டரி'யை நிறுத்தி வைக்கலாம்.

நடபைரவி:

சலிப்பைப் பற்றி. முத்தியால்பேட்டை சொன்ன வெட்டு முறை மிகச் சரி, ஆனால் கெடிலக்கரையின் நான்காவது சிக்கலுக்கு முதல் சிக்கலே காரணம் என்று நினைக்கிறேன். துண்டை மட்டும் சுற்றினால் பாட்டு சீக்கிரம் சாகும்.

திரும்பக் கேட்கக் கேட்கப் பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே ஆய்வாக எழுதினார். அடுத்து டேனியல் பெர்லைன் அதில் ஒரு திருத்தம் சொன்னார்: விருப்பம் ஏறிக்கொண்டே போகாது, ஓர் உச்சிக்குப் போய் இறங்கும், எளிய விஷயம் சீக்கிரம் உச்சியைத் தொட்டுச் சீக்கிரம் இறங்கும், சிக்கலானது மெதுவாக ஏறி நீண்ட நாள் நிற்கும். நாற்பது செகண்ட் துண்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும், முழுப் பாட்டை விட எளியது. பல்லவி எங்கிருந்து கிளம்பியது, சரணம் எந்த ஸ்வரத்தில் காத்திருந்து பல்லவிக்குத் திரும்பியது என்ற எதிர்பார்ப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பலனை மட்டும் வைத்துக்கொண்டால் அது வாரத்தில் வெளுக்காமல் என்ன செய்யும்?

நம் சங்கீதம் திரும்பச் சொல்வதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கீர்த்தனையில் பல்லவி வரி ஆறேழு முறை வரும், ஒவ்வொரு முறையும் ஒரு சங்கதி கூடும். சொல் அதே, தாளம் அதே, மெட்டின் போக்கு மட்டும் மாறும். உங்கள் ஊர்த் திருப்பாதிரிப்புலியூரில் கல்லோடு கரையேறினார் என்று சொல்லப்படும் அப்பரின் நமச்சிவாயப் பதிகத்திலும் ஒவ்வொரு பாட்டும் ஒரே சொல்லில்தான் முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வழியாக நடந்து அந்தச் சொல்லுக்கு வருகிறோம்.

சினிமாப் பாட்டின் பதிவு மாறாது. அப்போது சங்கதியைக் கேட்பவர்தான் போடவேண்டும். ஒரு பஸ் பயணத்தில் பாட்டு பத்து முறை ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வழக்கம்போல் கேளுங்கள். அடுத்த முறை பேஸ் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போங்கள், குரலைத் தொடரவே வேண்டாம். அதற்கடுத்து தாளவாத்தியம்: சரணத்துக்குள் நுழையும்போது தபேலா என்ன மாற்றுகிறது, எந்த வரியில் வாசிக்காமல் நிற்கிறது. பிறகு பாடுபவர் மூச்சு எடுக்கும் இடங்கள். பெரிய பாடகர்கள் மூச்சைச் சொல்லுக்கு நடுவில் எடுக்கமாட்டார்கள், எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று தேடுவதே தனி சுகம். பிறகு பின்னணியில் நிற்கும் வயலின்களின் இரண்டாவது வரிசை, கோரஸ் இருந்தால் அதன் உயிரெழுத்து.

பேஸ் கேட்கவில்லை என்றால் பாட்டின் மேல் குற்றம் இல்லை, இயர்பட்ஸ் காதில் சரியாக உட்காரவில்லை. ஸ்டீரியோ பதிவாக இருந்தால் போனின் 'ஆக்சஸிபிலிட்டி'யில் ஒலிச் சமநிலையை முழுக்க இடப்பக்கம் தள்ளி ஒருமுறை, வலப்பக்கம் தள்ளி ஒருமுறை கேளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் வாத்தியம் தனியாக வந்து நிற்கும். மோனோ காலப் பாட்டில் இது பயன்படாது, இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எப்போது நிறுத்துவது? இப்போது ஓடுவது முதல் சரணமா இரண்டாவதா என்று சட்டென்று சொல்லமுடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடுவது காதில் விழுகிறது, கேட்பது இல்லை. வெறுத்துப்போகும் வரை ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்த வெறுப்பும் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆசை மிச்சம் இருக்கும்போது எடுத்து வைத்தால் சில வாரம் கழித்துப் பாட்டு முழுசாகத் திரும்பி வரும்.

அலுவலக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை. கடிதம் எழுதுவது, பிழை திருத்துவது போன்ற சொல் சார்ந்த வேலையில் புரிகிற மொழிப் பாட்டு இடைஞ்சல்தான்; பாட்டின் சொல்லும் வேலையின் சொல்லும் மனதில் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அப்போது அதே ராகத்தில் நாகஸ்வரமோ வீணையோ வையுங்கள்.

இரவில் துண்டு தலைக்குள் நிற்காமல் சுற்றினால் முழுப் பாட்டையும் கடைசித் தட்டு வரை ஒருமுறை கேட்டு முடியுங்கள். முடிவு தெரியாத துண்டுதான் அதிகம் சுற்றும் என்று ஒரு கருத்து உண்டு. சூயிங்கம் மெல்லுவதும் உதவும். மனதுக்குள் பாடும்போது வாய்த்தசையும் அதில் பங்கெடுப்பதால், அதற்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு தளரும். 2015ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்த விஷயம் இது.

உப்புக்காத்து:

நீங்க கேட்காத ஒன்று, காது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதி: 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5 மணிதான். உங்க பஸ் ஒன்றரை மணி, அலுவலகம் இரண்டு மணி, வாரம் ஆறு நாள் என்றால் 21 மணி நேரம். அதாவது 83ல் வைத்தாலே எல்லை தாண்டியாச்சு.

ஒரே பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. முதல் தடவை கிடைத்த சிலிர்ப்பு நாலாவது தடவை குறையும், அதைத் தேடி வால்யூமை ஒரு படி ஏத்துவோம், அப்புறம் இன்னொரு படி. அதனால் காலையில் வீட்டில் அமைதியான அறையில் வால்யூமை வையுங்க, பஸ் ஏறின பிறகு தொடாதீங்க. சாம்சங் போனில் 'மீடியா வால்யூம் லிமிட்', ஐபோனில் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ' இருக்கு, அதைப் பூட்டிடலாம். பஸ் இரைச்சலில் குரல் கேட்கலைன்னா வால்யூமை விட்டுட்டு ரப்பர் முனையைப் பாருங்க. பெட்டியில் மூணு அளவு வரும். மாட்டியிருப்பது நடுத்தர அளவு, எல்லாக் காதுக்கும் பொருந்தாது. சரியா அடைச்சா பேஸ் கூடும், இன்ஜின் சத்தம் குறையும். கழட்டின பிறகு காதில் 'ங்ங்' என்று இரைச்சல் நின்றால் அளவு மீறிப்போச்சு, அன்றைக்குப் போதும். இரட்டைச் சக்கர வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.

இயர்பட்ஸில் இரைச்சல் நீக்கி (நாய்ஸ் கேன்சலிங்) இருந்தா பஸ்ஸில் அதைப் போடுங்க. பாண்டி பீச் ரோட்டில் சாயங்காலம் நடக்கும்போது அணைச்சிடுங்க. கடற்காற்று வெளி மைக்கில் அடிச்சு உள்ளே குமுகுமுன்னு ஒரு உறுமல் வரும், பலர் இயர்பட்ஸ் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறாங்க.

நம்ம கரையோரத்தில் உப்பும் வியர்வையும் சேர்ந்து சார்ஜ் ஆகும் ஊசிமுனையில் பச்சையாப் படியும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் பாதியில் செத்துப்போக முக்கால்வாசி அதுதான் காரணம். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் லேசா நனைச்சு கேஸிலும் பட்ஸிலும் துடைச்சு, பத்து நிமிஷம் காயவிட்டு மூடுங்க. தண்ணி படக்கூடாது. ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சா வலையில் காதழுக்கு அடைச்சிருக்கும். வலையைக் கீழ்நோக்கிப் பிடிச்சு காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்க. ஊசியால் குத்தினா அழுக்கு உள்ளே போயிடும்.

கெடிலக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஃபிளாக் ஆக மாற்றியதும் இடறல் போய்விட்டது. பாட்டில் இரண்டாவது முறை வருவதை வெட்டும் யோசனை அருமை. நடபைரவி சொல்வதை யோசித்தால், காலையில் முழுப் பாட்டு மூன்று முறை ஓடி, கொஞ்சம் மௌனம், பிறகு அதே ராகத்தில் வேறொன்று, பிறகு தானாக நிற்க வேண்டும். ரிப்பீட் பொத்தானில் அது முடியவில்லையே? கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன.

காரில் பென்டிரைவ் போட்டாலும் ஒரே பாட்டைச் சுற்றவைக்க முடியவில்லை, வண்டியை அணைத்துப் போட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

முத்தியால்பேட்டை:

நடபைரவி சொன்னதை ஏற்கிறேன். துண்டு, பாட்டைப் படிக்கவும் பாடிப் பழகவும். தினசரி கேட்க முழுப் பாட்டுதான். முழுப் பாட்டுக்கு இடைவெளியே இல்லாத இணைப்பும் வேண்டாம், கடைசி ஸ்வரம் அடங்க இடம் வேண்டும்.

நீங்கள் கேட்பதற்கு ரிப்பீட்டை அணைத்துவிட்டு ஒரு பட்டியல் கோப்பு எழுதினால் போதும். ஆடாசிட்டியில் 'ஜெனரேட்', 'சைலன்ஸ்' போட்டு 20 செகண்ட் மௌனத்தை ஒரு ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். பாட்டு, மௌனம், அடுத்த பாட்டு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். நோட்பேட் திறந்து வரிக்கு ஒரு கோப்புப் பெயர், பின்னொட்டோடு எழுதுங்கள்: பாட்டின் பெயர் மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மௌனத்தின் பெயர், கடைசி வரியில் மற்ற பாட்டு. சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் டெக்ஸ்ட் பின்னொட்டு ஒட்டிக்கொள்ளும். என்கோடிங் யுடிஎஃப்-8. பின்னொட்டு எம்3யு என்று வைக்காமல் எம்3யு8 என்று வையுங்கள். அந்த 8 இருந்தால்தான் பிளேயர் தமிழ்ப் பெயரைச் சரியாகப் படிக்கும், இல்லாவிட்டால் கோப்பைக் காணோம் என்று வரிக்கு வரி தாண்டிப்போகும். ஃபோல்டரை அப்படியே போனுக்கு மாற்றி விஎல்சியில் பட்டியலைத் திறங்கள்.

கார் பிளேயருக்கு இந்தப் பட்டியலை நம்பாதீர்கள், பல பிளேயர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஒரு ஃபோல்டரில் அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டு, ஃபோல்டர் ரிப்பீட் வையுங்கள். வண்டியை அணைக்கும்போது அந்த அமைப்பும் அழிகிறது என்றால் பென்டிரைவில் வேறெதுவும் இல்லாமல் அதே பாட்டை 01, 02, 03 என்று எண்ணிட்டுப் பத்துப் பிரதி போடுங்கள். அடுத்த பாட்டுக்குப் போனாலும் அதே பாட்டுதான் வரும். அங்கே மட்டும் எம்பி3 ஆகவே இருக்கட்டும், ஃபிளாக்கைப் பழைய கார் பிளேயர்கள் படிப்பதில்லை. கோப்புப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ் எழுத்து திரையில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.